முப்பத்தெட்டாவது பெயர்

"ஒண்ணை எடுக்கச் சொன்னீங்க டீச்சர். ஒண்ணைத்தான் எடுத்தேன்," என்றார் சவரிமுத்து. "முப்பத்தேழு போயிருக்கு."

ஜொஹரா டீச்சர் பதில் சொல்லவில்லை.

சொல்ல முடியாது. போன முப்பத்தேழில் அவருடைய குரலும் ஒன்று.

*

திண்டுக்கல்லில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஓர் அறை. அறையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள், ஒரு கரும்பலகை, ஒரு மண்பானை. கீழே மில் ஓடும்போதெல்லாம் தரை அதிரும். கீபோர்டுகளின் இடுக்கில் கோதுமை மாவு.

அங்கே படிக்கக் காசு வேண்டாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தால் போதும். கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைத் தவிர வேறொன்றும் சொல்லித் தருவதில்லை என்பதால் ஊரில் சிலர் அதை லினக்ஸ் மடம் என்று கேலி பேசுவார்கள். கேலியாக வந்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. சவரிமுத்துவுக்கு ஐம்பத்துநாலு. நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமும் கிடையாது. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, மத்தியானம் மடத்துக்கு வந்துவிடுவார். யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டித் தானாகக் கற்றுக்கொண்டவர். மில்லில் விடிய விடியப் பஞ்சுத் தூசியைக் கூட்டிக் கூட்டி, கூட்டாமல் இருக்க முடியாத கை.

டீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் துவாரம். மூச்சு அது வழியாக. பேச்சு கம்ப்யூட்டர் வழியாக. அவர் தமிழில் தட்டுவார், அது வாசிக்கும்.

நடுவயதுப் பெண் குரல். கொஞ்சம் தகர ஓசை. ஏற்ற இறக்கம் கிடையாது. 'உட்காருங்க'வும் 'வெளியே போங்க'வும் ஒரே மாதிரி வரும். இரண்டு நாள் பழகினால், இதுதான் டீச்சர் குரல் என்று காது ஒத்துக்கொண்டுவிடும்.

இப்போது மணி மூன்றேகால்.

ஐந்து மணிக்குக் காயல்பட்டினத்திலிருந்து டீச்சருடைய உம்மா போன் செய்வார். தினமும் செய்வார். கீழே மாவு மில்லை நிறுத்திவிட்டு முதலாளி டீ குடிக்கப் போகும் நேரம் அது. மாடியில் சத்தம் இருக்காது. டீச்சர் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டுவார். உம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன.

பார்க்க முடியாத தாய், பேச முடியாத மகள். நடுவில் இருந்தது அந்தக் குரல்தான்.

*

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கெடுத்தாலும், யார் கெடுத்தது என்று கேட்கமாட்டார்கள். கேள்வி வேறு.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்:

அது என்ன கேட்டுச்சு?

"எது டீச்சர்?"

டீச்சர் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அதுவா? செய்யவா வேண்டாமான்னு கேட்டுச்சு. ஒய் எழுத்தை அமுக்கினேன்."

அதுக்கு முன்னாடி?

"அதுக்கு முன்னாடி என்னமோ நீளமா ஓடுச்சு."

படிச்சீங்களா?

"இங்கிலீஷ்ல இருந்துச்சு டீச்சர்."

"ஒய்யி மட்டும் என்ன தமிழா?" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தனபாக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் நர்ஸம்மா.

சவரிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்துக்குக் காகிதம் நீட்டுவோம்," என்றார் நர்ஸம்மா. "நாலு பக்கம் இருக்கும். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல அதைப் படிச்சுட்டுப் போட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. நீ மட்டும் என்ன, வானத்துல இருந்தா குதிச்ச?"

சவரிமுத்துவுக்கு அந்தக் காகிதம் தெரியும். மனைவி படுத்திருந்தபோது அவரிடமும் நீட்டினார்கள். எங்கே போடணும் என்று மட்டும்தான் கேட்டார்.

*

மத்தியானம் நடந்தது இவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்களில் இடம் நிரம்பிவிட்டது. புதுப் பாடம் ஏறவில்லை. லீவு நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்க, நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு விளையாட்டைப் போட்டுவைத்திருந்தார்கள். திரையில் ஒரு குருவி பறந்து வரும். ஓர் எழுத்தைக் கொத்தும். 'அ' என்று சத்தம் வரும். இப்போது பிள்ளைகள் வருவதில்லை.

"அந்தக் குருவியை எடுத்துடுங்க அண்ணே," என்றது டீச்சரின் தகரக் குரல்.

சவரிமுத்து எடுத்தார். லினக்ஸில் ஒரு மென்பொருளைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரு மேனேஜர் உண்டு. நீங்கள் ஒன்றைக் கேட்டால், அதற்குத் துணையாக வேண்டியதையெல்லாம் தானே தேடிக் கொண்டுவரும். நீங்கள் ஒன்றை எடுத்தால், அதோடு வந்த துணைகளுக்கு இனி வேலையில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டும். எடுத்துவிடவா என்று கேட்கும்.

கேட்டது.

ஒய்.

குருவி போனது. அறையில் டீச்சரின் விரல்கள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்டி முடித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

*

வாசிங்க, என்று எழுதினார் டீச்சர்.

என்ன எடுத்தோம் என்பதை அந்த மேனேஜர் ஒரு கோப்பில் குறித்துவைத்திருக்கும். சவரிமுத்து அதைத் திறந்தார். எழுத்தும் எண்ணும் நடுவே கோடுமாக முப்பத்தேழு பெயர்கள்.

"எல்லாத்தையுமா டீச்சர்? மணி ஆகுதே."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் இருக்கும் என்று சவரிமுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை. மூடிய டப்பாவைக் குலுக்கிப் பார்க்கிற முகம்.

முதல் பெயரை வாசித்தார்.

டீச்சர் விரலை மடக்கி நீட்டினார்: என்ன அது?

"தெரியலையே."

இரண்டாவது.

"இது… படம் சம்பந்தப்பட்டது. குருவிப் படமா இருக்கும்."

டீச்சர் தலையாட்டினார்.

"இது எழுத்துரு. இது ஏதோ ஒலி. றெக்கை அடிக்குமே, அந்தச் சத்தமோ என்னமோ. இது… இது என்ன டீச்சர், கணக்குப் போடுற சாமான் மாதிரி இருக்கு, குருவிக்கு எதுக்குக் கணக்கு?"

டீச்சரின் தோள் குலுங்கியது. அவர் சிரித்தால் அப்படித்தான்; சத்தம் வராது, கழுத்துத் துவாரத்தில் காற்று மட்டும் விட்டு விட்டு வரும்.

"எந்தத் திசையில பறக்கணும்னு கணக்கு வேணும்ல?" என்றார் நர்ஸம்மா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சொன்னேன்."

டீச்சர் நர்ஸம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பத்து, பதினைந்து, இருபது. சவரிமுத்துவுக்கு அவசரம் போய், ஒவ்வொரு பெயரிலும் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது. இத்தனை பேர் இந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறார்கள். ஒருவரையும் தெரியாது. ஒரே எழுத்தில் முப்பத்தேழு பேரை வெளியே தள்ளியாயிற்று.

இருபத்தெட்டாவது பெயரை வாசித்ததும் டீச்சர் கையைத் தட்டினார்.

"இதுவா?"

தலையாட்டினார்.

"இதுவா உங்க குரல்?"

மறுபடி தலையாட்டினார்.

அந்த வரிசை முழுவதற்கும் மேலே ஒரு வரி இருந்தது. சவரிமுத்து அதை இப்போதுதான் படித்தார். தானாக வந்தவை, இனி யாருக்கும் தேவையில்லாதவை. அப்படித்தான் போட்டிருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"யாருக்கும் தேவையில்லையா? நாள் பூரா நீங்க இதுலதானே டீச்சர் பேசுறீங்க? அதுக்குத் தெரியாதா?"

டீச்சர் எழுந்து பலகைக்குப் போனார்.

பேசுறது அதுக்குத் தெரியாது. யாரு யாரைக் கூட்டிட்டு வந்தாங்கிறது மட்டும்தான் தெரியும்.

"அதைக் கூட்டிட்டு வந்தது?"

குருவி.



குருவிக்கு 'அ' சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. மேனேஜர் குரலைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டீச்சர், தேடிப் பார்த்ததில், பெட்டிக்குள் ஒரு குரல் சும்மா கிடப்பதைக் கண்டார். எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

"அப்ப, இது என்னோடதுன்னு அதுகிட்டச் சொல்லணுமா?"

ஒரு வரி. அடிச்சா போதும். அப்புறம் யார் போனாலும் அதைத் தொடாது.

"நீங்க அடிக்கலையா?"

டீச்சர் சாக்பீஸால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சேலையில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. பிறகு எழுதினார்:

ரெண்டு வருஷம். ஒரு தடவை கூட இல்ல.

திட்டு வாங்கவே தயாராக இருந்த சவரிமுத்துவுக்கு, இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

*

"சரி, போனது போகட்டும். திரும்பப் போட்டுருவோம்," என்றார்.

போட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை ஓடிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். ஒய் அமுக்குவதற்கு முன்னால் டீச்சர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

டீச்சர் தட்டினார்.

"சவரிமுத்து அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றது கம்ப்யூட்டர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு இவ?" என்றார் நர்ஸம்மா.

இருபது வயதுப் பெண் ஒருத்தி. குரலில் துள்ளல். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பண்பலை ரேடியோவில் போட்டி வைக்கிற பிள்ளை மாதிரி ஒரு தூக்கல்.

டீச்சர் இன்னொரு வரி தட்டினார்.

"என் குரல் எங்கே?" என்று குதூகலமாகக் கேட்டது அது.

விஷயம் எளிது. நாலு வருஷத்தில் அந்தக் குரலைச் செய்தவர்கள் புதுசு செய்துவிட்டார்கள். புதுசு நன்றாகத்தான் இருக்கிறது. மனுஷி பேசுகிற மாதிரியே இருக்கிறது. பழசை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"இறக்கின கோப்பு பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில கிடக்கும்ல, டீச்சர்?" என்று ஆரம்பித்த சவரிமுத்து பாதியில் நிறுத்தினார்.

டீச்சர் புருவத்தை உயர்த்தினார்.

"அதையும் வழிச்சுட்டேன். கூட்டினா அள்ளிப் போடணும்ல. அந்தக் கட்டளையையும் சேர்த்தே அடிச்சேன்."

டீச்சர் மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களையும் பார்த்தார்.

"அதுலயும்."

ஆறிலுமா, என்று விரல்களைக் காட்டினார் டீச்சர்.

"ஆறுலயும். இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டேன். தூக்கம் வரலை."

"என் பொட்டியையும் தொட்டியா நீ?" என்றார் நர்ஸம்மா.

"உங்க பொட்டியிலதான் அள்ள அள்ள வந்துச்சு நர்ஸம்மா."

"உன்னை ஒரு வார்டுக்குள்ள விட்டா, நோயாளியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிட்டு வருவ."

சவரிமுத்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். கையை விட்டுத் தேடினாற்போல் மூலை மூலையாகத் தேடினார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

மணி நாலரை.

*

"புதுக் குரல்லேயே பேசிக்கங்க டீச்சர்," என்றார். "எங்களுக்கே ரெண்டு நாள்ல பழகிரும். உம்மாவுக்குப் பழகாதா?"

டீச்சர் தலையை ஆட்டினார். கூடாது.

"இல்லைன்னா நீங்க எழுதுங்க. நான் வாசிக்கிறேன். 'மகளோட மாணவன் பேசுறேம்மா, அவங்க மெஷின் இன்னைக்குச் சரியில்ல'ன்னு சொல்றேன்."

டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து சவரிமுத்து பார்த்ததில்லை.



"சொல்லட்டுமா?" என்று நர்ஸம்மா டீச்சரைக் கேட்டார்.

டீச்சர் யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

"அந்த அம்மாவுக்கு மெஷின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது தம்பி," என்றார் நர்ஸம்மா. "தொண்டையில சின்ன ஆபரேஷன், குரல் கொஞ்சம் கரகரன்னு ஆயிருச்சு, அவ்வளவுதான்னு சொல்லி வச்சிருக்கு. வியாதி பேரைக்கூடச் சொல்லலை. அந்த அம்மா கூட இருக்கிற ஜொஹரா தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தகரக் குரலை மகளோட குரல்னு நினைச்சுத்தான் அந்த அம்மா ரெண்டு வருஷமாப் பேசிக்கிட்டிருக்கு."

"ரெண்டு வருஷமாவா?"

"ஊருக்குப் போயி எத்தனை நாளாச்சுன்னு கேளு."

சவரிமுத்து கேட்கவில்லை. டீச்சரே இரண்டு விரலைக் காட்டினார்.

போனால் தாய் மகளைத் தொட்டுப் பார்ப்பாள். முகத்தை, தோளை, கழுத்தை. பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொல்வாள். அதனால் போகவில்லை. பரீட்சை என்றும் பள்ளிக்கூடம் என்றும் மழை என்றும் ஒவ்வொரு மாதமும் ஒன்றைச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தது அந்தத் தகரக் குரல்.

"ஜலதோஷம்னு சொல்லிப் பார்க்கலாமா?" என்றார் நர்ஸம்மா.

"ஜலதோஷத்துல குரல் கட்டும்," என்றார் சவரிமுத்து. "இருபது வயசு குறையுமா?"

சொன்ன பிறகு அவருக்கே வருத்தமாக இருந்தது.

திரையில் அந்தப் பட்டியல் இன்னும் திறந்தே இருந்தது. அவர் மேலிருந்து கீழாக ஒரு தடவை போய்வந்தார். படம், எழுத்துரு, றெக்கைச் சத்தம், கணக்கு, குரல்.

"உங்க உம்மா பேர் இதுல இல்லையே டீச்சர்."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"இவன் சொன்ன முப்பத்தேழையும் நான் அப்பவே படிச்சிருந்தாலும்," என்று கம்ப்யூட்டரைக் காட்டினார் சவரிமுத்து, "இது தெரிஞ்சிருக்காது. இவனுக்கே தெரியலை."

டீச்சர் எழுந்தார். பலகையில் ஒரு மூலையைத் துடைத்தார். 38 என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் எழுதினார்:

உம்மா.

எழுதிவிட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று அதைப் பார்த்தார். தன் கையெழுத்தை வேறு யாரோ எழுதினாற்போல.

*

நாலு ஐம்பது.

கீழே மில் நின்றது. தரை அடங்கியது. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போகிற சத்தம் கேட்டது.

"டீச்சர்," என்றார் சவரிமுத்து. "ஒண்ணு கேக்கலாமா?"

டீச்சர் கையை நீட்டினார்: கேளுங்க.

"ஒண்ணை எடுத்தா எதெல்லாம் விழும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? இவன்கிட்டக் கேட்டா இவனுக்குத் தெரிஞ்சதைச் சொல்றான். இவனுக்குத் தெரியாம வெளிய ஒண்ணு மேல ஒண்ணா நிக்கிதே, அதை யாருகிட்டக் கேக்கிறது?"

"நல்ல நேரம் பார்த்தய்யா கேள்வி கேக்க," என்றார் நர்ஸம்மா. "அந்த அம்மா இப்ப கூப்பிடும். எடுக்கலைன்னா பயந்துரும். ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட எடுக்காம இருந்ததில்லை. எடுத்தா பேசணும். அதுக்கு வழி சொல்லு முதல்ல."

ஆனால் டீச்சர் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. தலையைச் சாய்த்து அதையே யோசிப்பது தெரிந்தது. பலகையில் இருந்த 38-ஐப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

பிறகு சவரிமுத்துவின் கேள்விக்குப் பதில் எழுதுகிற மாதிரி, நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினார்:

பார்ப்போம்.

"என்னத்தைப் பார்க்கிறது?" என்றார் நர்ஸம்மா. "ஏ ஜொஹரா, என்ன பண்ணப் போற நீ?"

டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கீபோர்டை எடுத்துத் தள்ளி வைத்தார். தள்ளி என்றால், கை எட்டாத தூரம். அது இருந்த இடத்தில் மாவுத் தூசியில் ஒரு நீளச் சதுரம் சுத்தமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் போனை வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

சவரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர், வேண்டாம். தப்பு என்னோடது. இன்னும் ரெண்டு நாள் குடுங்க. எங்கயாவது யாராவது பழைய டிஸ்க்ல வச்சிருப்பாங்க. நான் ராத்திரி ஷிஃப்டுக்கு லீவு போட்டுட்டுத் தேடுறேன்."

டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துவாரத்தில் மூச்சு வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தது. பயம்தான். ஆனால் பட்டியலை வாசித்தபோது பார்த்த அதே முகம்; டப்பாவைக் குலுக்கிப் பார்க்கிற முகம்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

இரண்டாவது மணியில் டீச்சர் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது தாயின் குரல். வயதான குரல், ஆனாலும் கணீரென்று இருந்தது. பின்னால் எங்கோ ஒரு காக்கை.

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஜொஹரா?"

மின்விசிறி சுற்றியது.

"ஏளா ஜொஹரா. கேக்குதா?"

நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சவரிமுத்து தள்ளிக் கிடந்த கீபோர்டையே பார்த்தார். ஓர் எட்டில் எடுத்துக் கொடுத்துவிடலாம். புதுக் குரலாவது ஒரு குரல். அவர் கை பாதி தூரம் போய் நின்றது.

அந்தப் பக்கம் தாய் காதைப் போனில் இன்னும் நெருக்கி வைப்பது கரகரவென்று கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூச்சு கேக்குது," என்றாள். "இருக்க."

டீச்சரின் கண் பலகைமேல் இருந்தது.

"டக்கு டக்குன்னு தட்டுவியே, அந்தச் சத்தத்தைத்தான் காணோம். என்னளா, மிஷினு கெட்டுப் போச்சா?"

சவரிமுத்து நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. நேர்ல வா."